எண்பத்தேழாம் பக்கமும் எண்பத்தெட்டாம் பக்கமும்

எழுபத்தொன்றாம் ஆண்டு நான் அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் இருந்தேன். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசு புத்தகங்களுக்கு எப்படி அனுமதி கொடுத்தது, எப்படி மறுத்தது என்பதுதான் என் ஆராய்ச்சித் தலைப்பு. அதைச் சொன்னால் எங்கள் ஆட்கள், "இதைப் படிக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இலங்கையில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு உதவித்தொகை கிடைத்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் மேற்பார்வை செய்ய ஆள் இருந்த தலைப்பு அது ஒன்றுதான். வேறு வழியில்லாமல் எடுத்தேன். ஆறு மாதத்தில் அதை விட்டு வேறு எதையும் யோசிக்க முடியாமல் போய்விட்டது.

அந்தக் காலத்து லண்டனில் எழுதியவர் நேரே அச்சகத்துக்குப் போக முடியாது. கையெழுத்துப் பிரதியை முதலில் அனுமதி அதிகாரியிடம் கொடுக்கவேண்டும். சமய நூல் என்றால் ஆயரின் ஆள் வாசிப்பார், சட்ட நூல் என்றால் நீதிபதி. இரண்டு பிரதி கொடுக்கவேண்டும். ஒன்றை அவரே வைத்துக்கொள்வார், அனுமதி வாங்கிய பிறகு அச்சகத்தில் எதையாவது நுழைத்துவிடக்கூடாது என்பதற்காக. சமயத்துக்கும் அரசுக்கும் நல்லொழுக்கத்துக்கும் மாறாக இதில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். கையெழுத்து இல்லாமல் அச்சடித்தால் இயந்திரத்தை உடைப்பார்கள். அரசனுக்கு எதிரான நூல் ஒன்றை அச்சடித்தவரைக் கொன்றே போட்டார்கள். எழுதியது யார் என்று அந்த மனிதர் கடைசி வரை சொல்லவில்லை.

அந்த அச்சுக்காரருக்காக நான் நூலகத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அனுமதி அதிகாரிகளை வெறுத்தேன். என் முதல் அத்தியாயம் முழுக்க அவர்களைத் திட்டியிருந்தேன். முந்நூறு பக்க நூல் ஒன்றுக்கு மறுநாளே கையெழுத்து வைத்த ஒரு பாதிரியாரை, "வாசிக்காமலே ஆட்சி செய்தவர்" என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார்: "இவர்களோடு உங்களுக்குத் தனிப்பட்ட பகை ஏதும் உண்டா?"

குளிர்காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் துறையின் செயலாளர் என் மேசைக்கு வந்து, சுங்க அலுவலகம் ஒன்றிலிருந்து அழைக்கிறார்கள், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டுமாம் என்றார். பல்கலைக்கழகத்தில் யார் யாரையோ கேட்டுவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

துறைமுகப் பக்கம் ஒரு செங்கல் கட்டடம். ட்ராமிலிருந்து இறங்கிக் காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடக்கவேண்டியிருந்தது. கம்பளிச் சட்டை போட்ட, ஒல்லியான, வயதான அதிகாரி ஒருவர் வாசல் வரை வந்து கூட்டிக்கொண்டு போனார். நான் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார். தேநீர் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இன்னொருவர், இளம் வயது, தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால்.

மேசையில் பழுப்புத் தாள் சுற்றிய ஒரு பொதி பிரித்துக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் அச்சடித்த ஒரு நாவல், அறுபது பிரதிகள், எல்லாம் ஒன்றே. அட்டையில் கிணற்றடியில் ஒரு பெண், நனைந்த சேலையோடு. படம் வரைந்தவர் தாராளமாகவே வரைந்திருந்தார். அனுப்பியது அச்சகம். பெறுபவர் மெல்பேணின் புறநகர் ஃபுட்ஸ்க்ரேயில் இருந்த ஒருவர். நாவலை எழுதியவரும் அவர்தான். எனக்குத் தெரியாத பெயர்.

"அட்டையைப் பார்த்து நிறுத்திவிட்டோம். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது" என்றார் அதிகாரி. "ஆபாசம், தெய்வ நிந்தனை, அரசுக்கு எதிரானது. இந்த மூன்றில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் போதும். ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஆராய்ந்த அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: வெளிநாட்டுப் புத்தகப் பொதிகளை லண்டன் துறைமுகத்தில் மட்டும்தான் இறக்கலாம், ஆயர் நியமித்த ஆள் வந்து நிற்காமல் அவற்றைத் திறக்கக்கூடாது. அதைப் பற்றிப் போன வாரம்தான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன்.

ஆனால் நான் எழுந்து வரவில்லை. ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நகரத்துக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. கடையில், ட்ராமில், தங்கியிருந்த வீட்டில் எல்லாரும் என்னோடு மெதுவாக, உரக்கப் பேசினார்கள், எனக்கு விளங்காது என்பது போல. இங்கே ஓர் அரசாங்க அதிகாரி எனக்குக் கதிரை இழுத்துப் போட்டு, என் அபிப்பிராயத்தைக் கேட்டார்.

அடுத்த அறையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். முதல் பத்துப் பக்கம் பொறுக்க முடியவில்லை. எல்லா மரமும் பெருமூச்சு விட்டது. எல்லா நிலவும் பால் போல் பொழிந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நோயாளியான தாய், பக்கத்து வளவில் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். கதை போகும் இடம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எண்பத்தேழாம் பக்கத்தில் கிணற்றடி வந்தது.

பக்கம் முழுக்க அதுதான். வேலிக்கு இந்தப் பக்கம் வாத்தியார், அந்தப் பக்கம் அவள் குளிக்கிறாள். எதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். எனக்கு முகம் சுட்டது. புத்தகத்தை மூடிக்கொண்டு அதிகாரியின் அறைக்குத் திரும்பினேன்.

"ஏதாவது இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டார். இளையவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு பக்கத்தில். ஒரு பெண் குளிப்பது."

"மொழிபெயர்த்துச் சொல்ல முடியுமா?"

"முடியாது" என்றேன். "கொஞ்சம் வெளிப்படையாக இருக்கிறது."

அவர் வற்புறுத்தவில்லை. அரசியல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு, "இலக்கியத் தரம் எப்படி? அதையும் பார்ப்போம். நல்ல இலக்கியம் என்றால் விட்டுக்கொடுப்பதுண்டு" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாசித்து முடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெருமூச்சு விட்ட அந்த மரங்கள் மனதில் நின்றன. "பெரிதாக ஒன்றும் இல்லை" என்றேன்.

அதையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். குறிப்பிடத்தக்க இலக்கியத் தரம் இல்லாத நூல் என்ற வசனத்தை இரண்டு தடவை திருத்தி, கீழே கையெழுத்து வைத்தேன். திரும்பி வரும்போது ட்ராமில் அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தது கூட ஞாபகம் இருக்கிறது. நன்றாகத்தான் வந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒருவர் என்னைத் தேடிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டட வரைபடம் வரையும் வேலை, விரல்களில் மை. கையில் தோல் பை. கதவடியில் நின்று, "தங்கச்சி, நீங்கள்தானே புத்தகங்களைத் தடை செய்யிறதைப் பற்றிப் படிக்கிறது?" என்று கேட்டார்.

"ஓம். இருங்கோ" என்றேன்.

"ஒரு உதவி கேட்டு வந்தனான். நான் ஒரு நாவல் எழுதினனான். ஊரில அடிச்சு அனுப்பினவை. இஞ்சை சுங்கத்தில பிடிச்சு வைச்சிருக்கினம். தகுதியான ஆள் ஒருத்தர் வாசிச்சு அறிக்கை தந்ததாம். ஆரெண்டு சொல்ல மாட்டினமாம். மறுபடி விண்ணப்பிக்கலாம் எண்டினம். எனக்கு இங்கிலீசில இப்பிடியான விசயம் எழுத வராது. உங்களுக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம் தெரியுமெண்டு கோயில் கூட்டத்தில ஒருத்தர் சொன்னார்."

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். காகிதத்தையும் பேனாவையும் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். அந்த அறிக்கை என்னுடையது என்று அப்போது சொல்லியிருந்தால் இந்த ஊரில் இருந்த முப்பது தமிழ்க் குடும்பங்களுக்கும் மறுநாள் தெரிந்திருக்கும். அந்தப் பயம் ஒன்று. அதைவிட, அவர் என்னை நம்பி வந்திருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"இலக்கியத் தரம் இல்லையெண்டு எழுதியிருக்காம்" என்றார் அவர், பையைத் திறந்தபடி. "ஆபாசமெண்டு சொன்னதுக்குக்கூட எனக்குக் கவலையில்லை, தங்கச்சி. அது அவையின்ர சட்டம். இதுதான்." வசனத்தை முடிக்காமல், அச்சகம் விமானத் தபாலில் அனுப்பியிருந்த ஒரு பிரதியை எடுத்து என் மேசையில் வைத்தார். "நீங்கள் முழுக்க வாசிச்சுப்போட்டு எழுதுங்கோ."

அந்த வார இறுதியில் அதை முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். மரங்கள் முன்போலவே பெருமூச்சு விட்டன. ஆனால் ஐம்பதாம் பக்கத்துக்கு மேல் மரங்கள் குறைந்தன. வாத்தியாரின் தாய் பேசத் தொடங்கினாள்; அவள் பேச்சு உயிரோடு இருந்தது. எண்பத்தேழாம் பக்கம் வந்தது. இந்தத் தடவை தாளைத் திருப்பினேன்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் வாத்தியார் வீட்டுக்குப் போகிறான். தாய் கட்டிலில் இறந்து கிடக்கிறாள். தண்ணீர் கேட்டிருக்கிறாள், செம்பு கீழே விழுந்து உருண்டிருக்கிறது. அவன் வேலியடியில் நின்ற நேரம்தான் அவள் கூப்பிட்ட நேரம். பிறகு வரும் நூறு பக்கமும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றியதுதான். கிணற்றடி அவ்வளவு நீளமாக, அவ்வளவு விவரமாக இருந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாசிக்கிறவரும் அவனோடு அங்கே நேரம் போவது தெரியாமல் நிற்கவேண்டும்.

ஒரு தாளைத் திருப்பியிருந்தால் போதும். அதை நான் செய்யவில்லை.

விண்ணப்பத்தை ஆறு பக்கத்தில் எழுதினேன். என் அறிக்கையையே வரிவரியாக மறுத்தேன். "அறிக்கை எழுதியவர் நூலை முழுமையாக வாசித்ததற்கு அதில் அடையாளம் இல்லை" என்றும் எழுதினேன். அவர் கையெழுத்து வைத்து அனுப்பினார். எனக்கு ஒரு பெட்டி பிஸ்கட் கொண்டுவந்து தந்தார். அதை நான் திறக்கவேயில்லை.

பதில் பாதிக்குப் பாதி வந்தது. அந்தத் தாளை ஒவ்வொரு பிரதியிலிருந்தும் வெட்டி எடுத்தால் புத்தகத்தை விடுவார்கள். இல்லாவிட்டால் பொதி திரும்பிப் போகும். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு வெட்டச் சம்மதித்தார். "நீங்களும் வாங்கோ, ஏதும் இங்கிலீசில கேட்டால் சொல்ல" என்றார். வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான், அவர், மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்த அவர் மனைவி மூன்று பேரும் அந்தச் செங்கல் கட்டடத்துக்குப் போனோம். அதே ஒல்லியான அதிகாரி வாசலுக்கு வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மறுபடியும் வந்தீர்களா, மிஸ். உங்கள் அறிக்கை எங்களுக்கு மிகவும் உதவியாக இருந்தது."

நல்ல மனிதர். மரியாதைக்குத்தான் சொன்னார். அவர் முன்னால் நடந்தார். நாங்கள் மூவரும் பின்னால் நடந்தோம்.

நீளமான மேசையில் அறுபது பிரதிகளும் அடுக்கியிருந்தன. கோடு போடும் இரும்பு அடிமட்டமும் சவரக் கத்தியும் தந்தார்கள். வரைபடக்காரர் கை அல்லவா, அடிமட்டத்தை மடிப்போரம் வைத்து ஒரே இழுப்பில் வெட்டினார். நான் புத்தகத்தை விரித்துப் பிடித்தேன். வெட்டிய தாள்களை அவர் மனைவி அடுக்கினார். இருபது, முப்பது பிரதி வரை வெட்டிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார். "எந்தப் பக்கம் வரைக்கும் வாசிச்சனீங்கள்?"

"எண்பத்தேழு வரைக்கும், அண்ணை."

"அங்கால திருப்பிப் பாக்கேல்லையோ?"

"இல்லை."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த புத்தகத்துக்குக் கை நீட்டினார். நான் அதை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் மனைவி இதற்குள் வெட்டிய தாள் ஒன்றை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். கணவர் எழுதிய எதையும் அவர் அதுவரை வாசித்ததில்லை என்று பிறகு சொன்னார். முன்பக்கத்தை வாசித்து முடித்துவிட்டு, "இதை இந்த வெள்ளைக்காரருக்கு முன்னால ஒரு குமர்ப்பிள்ளை எப்பிடிச் சொல்லுறது? எழுதேக்க நீங்கள் யோசிச்சிருக்கவேணும்" என்றார் கணவரிடம். பிறகு தாளைத் திருப்பினார். அந்தப் பக்கத்தை வாசித்து முடித்தபின் எழுந்து சன்னலடிக்குப் போய் நின்றார். அவர் மாமியார், அதாவது கணவரின் தாய், இவர்கள் கப்பலேறிய மூன்றாம் மாதம் ஊரில் இறந்தவர். அதை எனக்குச் சொன்னது அவர்தான், மாலை கார்த் தரிப்பிடத்தில் நிற்கும்போது.

வெட்டிய அறுபது தாள்களையும் அதிகாரி எண்ணி ஓர் உறையில் போட்டு வைத்துக்கொண்டார்.

பிறகு மூன்று வாரம் எனக்கு அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் என் முதல் அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முந்நூறு பக்கத்துக்கு மறுநாளே கையெழுத்து வைத்த அந்தப் பாதிரியார் இப்போது வேறு மாதிரித் தெரிந்தார். படித்தவர். ஊரில் அவரை ஒருவரும் பெரிதாக மதிக்கவில்லை. ஒருநாள் ஆயரின் வீட்டில் கதிரை போட்டு அபிப்பிராயம் கேட்கிறார்கள். அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் எப்படி அந்தக் கதிரையில் உட்கார்ந்தார் என்று இப்போது என்னால் எழுத முடிந்தது. பழைய அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

ஒரு சனிக்கிழமை அவர் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். "நாளைக்குப் பகல் வாரும். சாப்பிட வாரும் எண்டு மட்டும் இல்லை, வேலையும் இருக்கு. உம்மட கையெழுத்து வடிவோ?"

போனபோது குசினியில் சமையல் மேசை முழுக்க வெள்ளைத் தாள் பரப்பியிருந்தது. விமானத் தபாலில் வந்த பிரதியைப் பார்த்து எண்பத்தெட்டாம் பக்கத்தைக் கையால் எழுதி ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டப் போகிறார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு தடையும் இல்லை. தாளின் மறுபக்கமாக இருந்ததுதான் அதன் குற்றம். மனைவி இருபது எழுதுவது, அவர் இருபது, நான் இருபது.

அவர் என் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தார். "எண்பத்தேழை அப்பிடியே எழுதேலாது. ஆனால் ஒண்டும் இல்லாமல் விட்டால் அடுத்தது விளங்காது. ஒரு வசனத்தில சொல்லுங்கோ பாப்பம்." கொஞ்சம் நிறுத்தி, "அதிகாரிக்குச் சொன்ன மாதிரி வேண்டாம்" என்றார்.

அது கோபமா பகிடியா என்று எனக்குத் தெரியவில்லை. சமையல் முடிந்து சோறு ஆறும்வரை யோசித்தேன். பிறகு எழுதினேன்: "அவள் குளித்து முடிக்கும்வரை அவன் வேலியடியில் நின்றான், போகவேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது."

வாசித்துவிட்டு அவர் பென்சிலை எடுத்து, காற்புள்ளிக்குப் பின்னால் இருந்ததை எல்லாம் வெட்டினார். "வாசிக்கிறவைக்குத் தெரியும். நாங்கள் சொல்லத் தேவையில்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. வசனம் அப்போதுதான் நிமிர்ந்து நின்றது. ஒரு கதை எழுதுகிறவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று முதல் தடவையாகத் தோன்றியது. மரங்களைப் பற்றியும் அவரிடம் அன்றைக்கே சொன்னேன். கேட்டுக்கொண்டு சோற்றில் மோர் ஊற்றினார்.

அறுபது பிரதிகளும் மெல்பேணிலும் சிட்னியிலும் இருந்த வீடுகளுக்குப் போயின, நாலைந்து கோலாலம்பூருக்குப் போயின. கையெழுத்துப் பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அச்சுப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த வருடக் கடைசியில் இங்கே ஆட்சி மாறியது, அதன் பிறகு புத்தகங்களை இப்படிப் பிடிப்பது மெல்ல நின்றது. வெட்டிய தாள்களைத் திருப்பித் தரும்படி அவர் ஒரு கடிதம் எழுதினார். அவை அழிக்கப்பட்டுவிட்டன என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

என் ஆய்வை இரண்டு பேர் மதிப்பிட்டார்கள். ஒருவர் பாராட்டினார். மற்றவர், அனுமதி அதிகாரிகளிடம் ஆய்வாளர் தேவைக்கு மேல் இரக்கம் காட்டுகிறார் என்று எழுதினார். அது இரக்கம் இல்லை என்று மேற்பார்வையாளரிடம் சொல்லி, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் நெடுநேரம் தன் புகைக்குழாயைச் சுத்தம் செய்தார். பிறகு, இதை முன்னுரையில் எழுதப் போகிறீர்களா என்று கேட்டார். நான் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

எழுபத்தெட்டில் அவர் இரண்டாவது நாவலை முடித்தார். அச்சுக்குக் கொடுக்கும் முன் கையெழுத்துப் பிரதியை என்னிடம் கொண்டுவந்து, "முழுக்க வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்றார். இரண்டு தடவை வாசித்தேன். நல்ல நாவல், முதலாவதைவிட எவ்வளவோ மேல். மூன்றாம் அத்தியாயம் மட்டும் சலிப்பாக இருக்கிறது, எடுத்துவிடுங்கோ என்று சொன்னேன். அவர் ஒரு மாதம் யோசித்தார். அந்த அத்தியாயத்தை எடுக்கவில்லை. புத்தகம் அப்படியே வந்தது. போன வருடம்கூட வாசித்துப் பார்த்தேன். மூன்றாம் அத்தியாயம் எனக்கு இன்னும் சலிப்பாகத்தான் இருக்கிறது.